நடுச்சாமத்து உலகக் கிண்ணம்: கொழும்பிலிருந்து முதன்முறை பார்க்கப் போகிறவர்களுக்கு

அண்மையில் ஒருநாள் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரம், பக்கத்து மேசைத் தங்கச்சி கேட்டார்: "அண்ணா, இந்த முறை உதைபந்தாட்ட உலகக் கிண்ணத்தை நானும் ஒழுங்காப் பார்க்கப் போறன். எங்கேயிருந்து தொடங்கிறது?" கிரிக்கெட்டில் அவருக்குத் தெரியாதது கிடையாது. ஒரு பந்துவீச்சாளரின் எக்கொனமியை மனப்பாடமாகச் சொல்லுவார். உதைபந்தாட்டத்தில் மெஸ்ஸி, ரொனால்டோ என்ற இரண்டு பெயர்களோடு சரி. அவருக்குச் சொல்லத் தொடங்கி, சோற்றுப் பார்சல் ஆறிப்போனது. அன்று சொன்னதையும், நேரம் போதாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். அவரைப் போல இன்னும் பல பேர் இருப்பீர்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆட்டம் விளங்காமல் உலகக் கிண்ணத்தைக் கைவிட்டவர்களை நான் அதிகம் கண்டதில்லை. தூக்கம் கெட்டுக் கைவிட்டவர்களைத்தான் நிறையக் கண்டிருக்கிறேன். முதல் மூன்று இரவும் எல்லா ஆட்டத்தையும் பார்ப்பார்கள். நான்காம் நாள் வேலைக்குப் பிந்திப் போவார்கள், வீட்டில் ஏச்சு விழும், அதோடு டிவி அணைந்துவிடும். ஆகவே இந்த வழிகாட்டியில் விதிகளுக்கு முன்னால் மணிக்கூடு வருகிறது.

மணிக்கூட்டைக் கையில் எடுங்கள்

கிண்ணம் 2026 ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகிய மூன்று நாடுகளில், 16 நகரங்களில் நடக்கிறது. 2022இல் கட்டாரில் 32 அணிகள், 64 ஆட்டங்கள். இந்த முறை 48 அணிகள், 104 ஆட்டங்கள். கட்டார் எங்களுக்குப் பக்கத்து வீடு மாதிரி. இறுதி ஆட்டமே இரவு 8.30க்குத் தொடங்கியது, சாப்பிட்டுவிட்டுப் பார்த்தோம். இப்போது பூமியின் மறுபக்கம். கொழும்பு நேரப்படி ஆட்டங்கள் பெரும்பாலும் இரவு 9.30க்கும் மறுநாள் காலை 9.30க்கும் இடையில் விழும்.

நேரத்தை மாற்றிக் கணக்குப் பார்க்க ஒரு சுருக்கு வழி இருக்கிறது. அங்கே பிற்பகல் என்றால் இங்கே மறுநாள் முற்பகல் என்று புரட்டிப் போடுங்கள். பிறகு நகரத்தைப் பொறுத்துக் கொஞ்சம் கூட்டுங்கள் அல்லது கழியுங்கள். நியூயோர்க், பொஸ்டன், பிலடெல்பியா, அட்லாண்டா, மியாமி, டொரொன்டோ என்றால் இரண்டரை மணி கழியுங்கள். டாலஸ், ஹூஸ்டன், கன்சாஸ் சிட்டி என்றால் ஒன்றரை மணி. மெக்சிகோவின் மூன்று நகரங்களுக்கும் அரை மணி கழித்தால் போதும். லொஸ் ஏஞ்சலிஸ், சான் பிரான்சிஸ்கோ, சியாட்டில், வான்கூவர் என்றால் அரை மணி கூட்டுங்கள். தொடக்க ஆட்டம் மெக்சிகோ சிட்டியில் ஜூன் 11 பிற்பகல் 1 மணிக்கு. புரட்டினால் ஜூன் 12 அதிகாலை 1 மணி, அரை மணி கழித்தால் 12.30. லொஸ் ஏஞ்சலிஸில் மாலை 6 மணி ஆட்டம் எங்களுக்கு மறுநாள் காலை 6.30.

கணக்கில் ஆட்கள் பிழை விடுவது குறைவு. திகதியில்தான் விடுவார்கள். "வியாழக்கிழமை இரவு மெட்ச்" என்று ஒருவர் சொன்னால், அது வியாழன் தொடங்கும் நள்ளிரவா, வியாழன் முடிகிற நள்ளிரவா? 2014இல் பிரேசிலும் ஜேர்மனியும் மோதிய அரையிறுதி எங்களுக்கு ஜூலை 9 அதிகாலை 1.30க்கு. நான் அதை "9ஆம் திகதி 1.30" என்று மட்டும் எழுதி வைத்தேன். போனில் அலாரமும் பகல் 1.30க்கே விழுந்துவிட்டது. பக்கத்து வீட்டில் யாரோ கத்திய சத்தத்தில் எழும்பி டிவியைப் போட்டபோது மணி இரண்டு. திரையின் மூலையில் ஜேர்மனி 5, பிரேசில் 0 என்று கிடந்தது. அலைவரிசைக்காரர்கள் ஏதோ பிழை விட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். 23ஆம் நிமிடத்திலிருந்து 29ஆம் நிமிடத்துக்குள் நான்கு கோல். உலகமே வாயைப் பிளந்து பார்த்த அந்த ஆறு நிமிடத்தையும் நான் நித்திரையில் கழித்தேன். கடைசியில் 7–1. அன்றிலிருந்து என் அட்டவணையில் இப்படித்தான் எழுதுவேன்: "செவ்வாய் படுத்து, புதன் எழும்பி, 1.30."

நீங்களும் அப்படியே எழுதுங்கள். போனில் எத்தனை செயலி இருந்தாலும் ஒரு ஏ4 தாளில், கையால், கொழும்பு நேரத்தில் எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். வீட்டில் மற்றவர்களும் அதைப் பார்ப்பார்கள். அம்மா, "இண்டைக்கு உன்ர மெட்ச் இருக்கே?" என்று கேட்கத் தொடங்கினால் பாதி வேலை முடிந்த மாதிரி.

எழுதும்போது ஆட்டங்களை நான்கு வகையாகப் பிரித்து நிறம் போடுவேன். இரவு 9.30, 10.30க்குத் தொடங்குபவை பச்சை. அவற்றைப் பயமில்லாமல் பாருங்கள். 12.30, 1.30 ஆட்டங்கள் மஞ்சள். இவற்றுக்குக் காத்திருந்து பார்க்க வேண்டாம். எட்டரைக்கே படுத்து, ஒரு தூக்கம் போட்டு எழும்புங்கள். முழித்திருந்து பார்ப்பவன் இடைவேளையில் கதிரையிலேயே சரிந்துவிடுவான். 3.30ஐ ஒட்டி வருபவை சிவப்பு, உங்கள் அணி விளையாடினால் மட்டும். காலை 6.30, 7.30 ஆட்டங்களுக்கு நீலம். விடிய எழும்புகிற பழக்கம் உள்ளவர்களுக்கு இது வரப்பிரசாதம். இடைவேளை 7.20 அளவில் வரும். அந்தக் கால் மணி நேரத்தில் உடுப்பை மாற்றி இறங்கினால், இரண்டாம் பாதியைக் காலி வீதியில் ஊர்ந்து போகும் 100ஆம் இலக்க பஸ்ஸில் போனில் பார்க்கலாம். படத்தின் தரத்தை 480க்குக் குறைத்து வைத்தால் டேட்டாவும் தாங்கும்.

அணி ஒன்று வேண்டும். என்னைக் கேட்டால் இரண்டு

இலங்கை அணி இதுவரை உலகக் கிண்ண இறுதிச் சுற்றுக்குப் போனதில்லை. அதனால் கொழும்பில் ஒவ்வொருவரும் தானாகத்தான் ஓர் அணியைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. எனக்கு இது பிடித்த விஷயம். கொட்டாஞ்சேனையில் ஒரே வீட்டில் அப்பா பிரேசில், மூத்தவன் ஆர்ஜென்டீனா, சின்னவள் போர்த்துக்கல் என்று இருப்பார்கள். கொம்பனித்தெருவில், மட்டக்குளியில், வெள்ளவத்தை மாடி வீடுகளில் எல்லாம் இதே கதைதான். யாருக்கும் அது பிறப்பால் வந்ததில்லை. எப்போதோ பார்த்த ஓர் ஆட்டத்தால், அல்லது மாமா ஒருவர் வாங்கிக் கொடுத்த ஜேர்சியால் வந்தது.

அணி இல்லாமல் பார்த்தால் எல்லா ஆட்டமும் ஒன்று போலவே தெரியும். ஓர் அணியைப் பிடித்துவிட்டால், அதன் எதிரிகள், அதே குழுவில் உள்ள மற்ற ஆட்டங்கள், அடுத்த சுற்றில் யார் வருவார் என்பதெல்லாம் தானாக முக்கியமாகிவிடும்.

என் யோசனை, ஒரு பெரிய அணி, ஒரு சின்ன அணி. பெரியது கடைசி வாரம் வரை உங்களைக் கூட்டிக்கொண்டு போகும். சின்னது முதல் இரண்டு வாரத்துக்கு உயிர் கொடுக்கும்.

பெரியவர்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பிரேசில் ஐந்து முறை வென்றது, ஆனால் 2002க்குப் பிறகு இல்லை. ஆர்ஜென்டீனா நடப்புச் சம்பியன். 2022 இறுதியில் பிரான்ஸோடு 3–3 என்று முடிந்து பெனால்ட்டியில், அதாவது இரு பக்கமும் மாறி மாறி அடிக்கும் தனி உதைகளில், 4–2 என வென்றது. அந்த ஆட்டத்தில் தோற்ற பக்கத்தில் எம்பாப்பே மூன்று கோல் அடித்தார் என்பதை மறக்கக் கூடாது. மெஸ்ஸிக்கு ஜூன் 24இல் 39 வயது, ரொனால்டோவுக்கு 41. இருவரும் களமிறங்கினால் இருவருக்கும் இது ஆறாவது உலகக் கிண்ணம். இவர்களைப் பார்ப்பதற்கென்றே தொடங்குகிறவர்கள் தயங்கவே வேண்டாம், தொடங்குவதற்கு அதுவும் நல்ல காரணம்தான். ஸ்பெயின் 2024இல் ஐரோப்பியக் கிண்ணம் வென்ற அணி. 2007இல் பிறந்த லமின் யமால் வலது ஓரத்தில் பந்தை வாங்கி உள்ளே வெட்டி வருவதைப் பார்த்தால், விதி எதுவும் தெரியாதவருக்கும் உடம்பு நிமிரும்.

சின்ன அணிகளில்தான் என் மனம் கிடக்கிறது. கேப் வெர்டே, குராசாவோ, ஜோர்தான், உஸ்பெகிஸ்தான் ஆகிய நான்கும் முதன்முறை வருகின்றன. கேப் வெர்டே அத்திலாந்திக் கடலில் பத்துத் தீவுகள், சுமார் 5 இலட்சம் சனம். குராசாவோ கரீபியனில் ஒரு தீவு. சனத்தொகை ஒன்றரை இலட்சத்தைச் சுற்றித்தான். கொழும்பு மாநகரத்தில் இருப்பவர்களில் பாதிகூட இல்லை. இதுவரை தகுதி பெற்ற நாடுகளில் சனத்தொகையில் மிகச் சிறியது அதுதான். ஒரு தீவுக்காரனாக இதை வாசித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. ஹெய்ட்டி 1974க்குப் பிறகு வருகிறது. நோர்வேயும் ஸ்கொட்லாந்தும் 1998க்குப் பிறகு. மொரோக்கோ 2022இல் அரையிறுதிக்குப் போன முதல் ஆபிரிக்க அணி. அதே கிண்ணத்தில் ஜப்பான், ஜேர்மனியையும் ஸ்பெயினையும் தோற்கடித்தது. சவூதி அரேபியா, பிறகு சம்பியனான ஆர்ஜென்டீனாவை 2–1 என வென்றது. ஆகவே சின்ன அணியைப் பிடித்தால் அழ மட்டும்தான் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள்.

முதல் வாரத்துக்கு ஒரு பட்டியல்

புதியவர்களுக்கு நான் சொல்லும் முதல் ஆட்டம் தொடக்க ஆட்டம் இல்லை. ஜூன் 14 ஞாயிறு இரவு 10.30க்கு ஹூஸ்டனில் ஜேர்மனி, குராசாவோ. மறுநாள் திங்கள் இரவு 9.30க்கு அட்லாண்டாவில் ஸ்பெயின், கேப் வெர்டே. இரண்டும் பச்சை. இரண்டிலும் ஒரு பக்கம் உலகத்தின் பெரிய அணி, மறுபக்கம் வாழ்க்கையில் முதல் உலகக் கிண்ண ஆட்டம் விளையாடும் ஆட்கள். தேசிய கீதம் பாடும்போது அவர்களுடைய முகங்களைப் பாருங்கள். இந்த இரண்டு இரவிலும் மனம் ஒட்டினால் கிண்ணம் உங்களுடையது.

அதற்குப் பிறகு ஆசைக்கேற்ற மாதிரி. பிரான்ஸ், செனகல் ஆட்டம் 17ஆம் திகதி புதன் பிறந்ததும் 12.30க்கு. அதே புதன் காலை 6.30க்கு ஆர்ஜென்டீனா, அல்ஜீரியா. இங்கிலாந்து, குரோஷியா மோதுவது 18 வியாழன் அதிகாலை 1.30. பிரேசில், மொரோக்கோ ஆட்டம் 14 ஞாயிறு விடிய 3.30க்கு வருகிறது. சிவப்புத்தான், ஆனால் ஞாயிறு. பிறகு வந்து படுக்கலாம்.

தொடக்க ஆட்டத்தைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு காரணம் தருகிறேன். மெக்சிகோவும் தென்னாபிரிக்காவும் மோதும் அந்த அஸ்டெக்கா மைதானத்தில் 1970இலும் 1986இலும் இறுதி ஆட்டம் நடந்தது. மூன்று உலகக் கிண்ணம் கண்ட முதல் மைதானம் அது. 1986இல் இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா கையால் ஒன்றும், அரை மைதானத்தையும் கடந்து ஓடி ஒன்றும் அடித்தது அதே புல்லில்தான்.

கிரிக்கெட் தெரிந்தால் குழுக் கணக்கு சுலபம்

12 குழு, ஒவ்வொன்றிலும் 4 அணி. வென்றால் 3 புள்ளி, சமநிலை என்றால் ஆளுக்கு 1. குழுவில் முதல் இரண்டு அணிகள் நேரே அடுத்த சுற்றுக்குப் போகும். மூன்றாம் இடம் பிடித்த 12 அணிகளில் சிறந்த 8ம் கூடப் போகும். இந்த 12 பேரையும் ஒப்பிடுவது முதலில் புள்ளியால். அது சமம் என்றால் கோல் வித்தியாசத்தால், அதாவது அடித்ததிலிருந்து வாங்கியதைக் கழித்தது. எங்களுடைய நெட் ரன் ரேட் மாதிரியே. அதனால்தான் 3–0 என்று தோற்கிற அணி கடைசி நிமிடத்தில் ஒரு கோல் அடித்துவிட்டு அப்படித் துள்ளும்.

இந்த மூன்றாம் இடத்துக் கணக்கால் உங்கள் அணி முதல் ஆட்டத்தில் தோற்றாலும் நெஞ்சை விட்டுவிடாதீர்கள். 2016 ஐரோப்பியக் கிண்ணத்தில் ஆறு குழுக்களில் மூன்றாம் இடம் பிடித்தவர்களில் நான்கு பேரை எடுத்தார்கள், இங்கும் அதே மூன்றில் இரண்டு விகிதம்தான். அங்கே போர்த்துக்கல் குழுவில் ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லை. மூன்றும் சமநிலை, மூன்று புள்ளி, மூன்றாம் இடம். கடைசியில் கிண்ணத்தைத் தூக்கியது அவர்கள்தான்.

ஒவ்வொரு குழுவிலும் கடைசிச் சுற்று ஆட்டங்கள் இரண்டும் ஒரே நேரத்தில் தொடங்கும். ஒன்றைப் பார்த்துக்கொண்டு மற்றதைப் போனில் வையுங்கள். பக்கத்துத் திரையில் விழும் ஒரு கோல் உங்கள் அணியை வெளியே தள்ளிவிடும். அந்த அரை மணி நேர இழுபறியைப் போல ஒன்றை நான் வேறு எந்த விளையாட்டிலும் கண்டதில்லை.

எங்கள் திகதிப்படி ஜூன் 29இலிருந்து தோற்றால் வீட்டுக்கு. 90 நிமிடத்தில் சமம் என்றால் 30 நிமிட மேலதிக நேரம், அதற்கும் பிறகு பெனால்ட்டி. அட்டவணையில் இதையும் கணக்கில் எடுங்கள். 12.30க்குத் தொடங்கும் சாதாரண ஆட்டம் இரண்டரை அளவில் முடியும். பெனால்ட்டிக்குப் போனால் மூன்றேகாலைத் தாண்டும்.

ஒஃப்சைட், பிளேன்ரீ கிளாஸில்

விதிகளில் புதியவர்களை மிரட்டுவது இது ஒன்றுதான். எனக்கு விளங்க வைத்தவர் கொம்பனித்தெரு நானா ஒருவர். இளம் வயதில் கழக மட்டத்தில் விளையாடியவர். தேநீர்க் கடை மேசையில் உப்புப் போத்தலை வைத்து, "இது கோலி, கோல் காக்கிற ஆள்" என்றார். அதற்கு முன்னால் வெற்று பிளேன்ரீ கிளாஸ் ஒன்று, "இது கடைசி டிபெண்டர்." என் கிளாஸை எடுத்து அதற்கும் உப்புப் போத்தலுக்கும் நடுவில் வைத்தார். "இது நீ. உன்ர ஆள் அங்கேயிருந்து பந்தை அடிக்கிற அந்த நொடியில நீ இங்க நிண்டா ஒஃப்சைட். அடிச்ச பிறகு ஓடி வந்தா ஒண்டுமில்ல." கிளாஸைப் பின்னால் இழுத்து, கரண்டியால் சீனிக் கட்டியைத் தட்டிவிட்டு, அதன் பிறகு கிளாஸைத் தள்ளிக் காட்டினார். மேசையில் ஈரமாக ஒரு கோடு விழுந்தது. அந்தக் கோடுதான் ஒஃப்சைட் கோடு என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

எழுத்தில் சொன்னால், பந்து அடிக்கப்படும் கணத்தில், எதிரணியின் பாதியில், பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்திய ஆளையும் விட நீங்கள் கோல் கோட்டுக்குக் கிட்ட நிற்கக் கூடாது. கோலியும் ஓர் ஆளாகக் கணக்கு. அதனால்தான் "கடைசிக்கு முந்திய ஆள்" பெரும்பாலும் கடைசி டிபெண்டராக இருப்பார். கையால் எறியும் பந்து, கோல் கிக் (கோலுக்கு முன்னாலிருந்து அடிப்பது), கோர்னர் (மைதான மூலையிலிருந்து அடிப்பது) ஆகியவற்றிலிருந்து நேரே வாங்கினால் ஒஃப்சைட் கிடையாது. நேரடியாகப் பார்த்து விளங்க வேண்டும் என்றால், ரேஸ்கோர்ஸ், சுகததாச, ஹென்றி பேதிரிஸ் மைதானங்களில் கழக ஆட்டம் ஒன்று நடக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள். ஜாவா லேன், ரினௌன், சோண்டர்ஸ் மாதிரிக் கழகங்கள் ஆடும்போது கோட்டோரம் கொடி பிடிக்கும் நடுவருக்கு நேரே போய் நில்லுங்கள். பத்து நிமிடத்தில் விளங்கிவிடும். டிவியில் பந்து மட்டும்தான் தெரியும். மைதானத்தில் நின்றால் பந்து இல்லாத ஆள் ஏன் ஓடுகிறான் என்பதும் தெரியும்.

கோல் விழுந்ததும் நடுவர் காதில் கை வைத்து நின்றால் வீடியோ சரிபார்ப்பு நடக்கிறது என்று அர்த்தம். கிரிக்கெட்டின் டீஆர்எஸ் மாதிரி, ஆனால் அணித்தலைவர் கேட்கத் தேவையில்லை. இந்த முறை வெயிலுக்காக ஒவ்வொரு பாதியின் நடுவிலும் மூன்று நிமிடம் தண்ணீர் இடைவேளை. கேத்தலில் தண்ணீர் வைக்க அளவான நேரம்.

எதில் பார்ப்பது, யாரோடு பார்ப்பது

இலங்கைக்கான ஒளிபரப்பு உரிமை யாரிடம் என்பதை ஃபிஃபா இணையத்தளத்திலேயே நாடுவாரியாகப் பார்க்கலாம். டயலொக், பியோ எது வைத்திருந்தாலும் அந்த அலைவரிசை உங்கள் பொதியில் இருக்கிறதா என்று ஜூன் முதல் வாரத்திலேயே பாருங்கள். 11ஆம் திகதி இரவு வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தால் பாட்டுத்தான் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். ஜூன், கொழும்பில் தென்மேற்கு மழைக் காலம். டிஷ் வைத்திருப்பவர்களுக்குப் பெருமழையில் படம் உறையும். அதனால் போனில் இரண்டாவது வழி ஒன்றைத் தயார் செய்யுங்கள். பவர்பேங்கை முழுசாக ஏற்றி வையுங்கள். வட்ஸ்அப்பில் வரும் இலவச லிங்குகளைத் தொட வேண்டாம், கார்ட் இலக்கம் கேட்டால் உடனே மூடுங்கள். "மெட்ச் பார்த்து உழைக்கலாம்" என்று வரும் பந்தய விளம்பரங்களும் அப்படியே. நல்ல பொடியன்கள் சிலர் சம்பளத்தை அதில் விட்டதை என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

இன்னொன்று, குடும்ப வட்ஸ்அப் குழுவை மியூட் செய்யுங்கள். இணைய ஒளிபரப்பு டிவியை விடப் பிந்தித்தான் வரும். உங்கள் திரையில் பந்து நடுக்கோட்டில் உருளும்போதே ஸ்காபரோவில் இருக்கும் சித்தப்பா "கோஓஓல்" என்று போட்டுவிடுவார். அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர்களுக்கு இம்முறை பெரிய யோகம். டொரொன்டோவில் மட்டும் ஆறு ஆட்டங்கள். நேரில் போகலாமா என்று யோசிப்பவர்களுக்கு: டிக்கெட்டை ஃபிஃபாவின் தளத்தில் மட்டும் வாங்குங்கள். டிக்கெட் இருப்பதால் விசா கிடைத்துவிடாது, மூன்று நாட்டுக்கும் மூன்று விசா விதி. கையில் விசா இல்லாமல் பணத்தைப் போடாதீர்கள்.

ஜேர்சிக்குப் புறக்கோட்டைதான். கடைசி வாரம் விலை ஏறும், இப்போதே போங்கள். ஆர்ஜென்டீனா ஜேர்சி வாங்கினால் சின்னத்துக்கு மேல் எத்தனை நட்சத்திரம் என்று எண்ணுங்கள். மூன்று இருக்க வேண்டும். இரண்டு என்றால் 2022க்கு முந்திய பழைய சரக்கு. பிரேசிலுக்கு ஐந்து. கழுத்துத் தையலை விரலால் இழுத்துப் பாருங்கள், நூல் கையோடு வந்தால் வைத்துவிடுங்கள். அளவு பெரும்பாலும் சின்னதாகவே இருக்கும், போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

யாரோடு பார்ப்பது என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிது. குறைந்தது வாரத்தில் ஓர் ஆட்டத்தையாவது யாரோடாவது பாருங்கள். முடிந்தால் விஷயம் தெரிந்த ஒருவரோடு. வெள்ளவத்தையில் தங்கி வேலை செய்யும் மன்னார், குருநகர்ப் பொடியன்கள் யாரையாவது தெரிந்திருந்தால் அவர்களைப் பிடியுங்கள். அவர்களுக்கு இந்த ஆட்டம் தாய்ப்பாலோடு வந்தது. "ஏன் அவன் பந்தைப் பின்னுக்கு அடிக்கிறான்?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். உதைபந்தாட்டம் தெரிந்தவனுக்கு அதைச் சொல்லித்தருவதை விடச் சந்தோஷம் வேறில்லை. பெண்கள் இரவில் வேறு வீடு போய்ப் பார்ப்பது சிரமம் என்றால், நான்கு தோழிகளாகச் சேர்ந்து ஒருவர் வீட்டில் தங்கிவிடுங்கள். பச்சை ஆட்டம் ஒன்றையும் மஞ்சள் ஆட்டம் ஒன்றையும் ஒரே இரவில் முடிக்கலாம்.

மாடி வீட்டில் இருப்பவர்கள் மேல் வீட்டு அம்மம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். அதிகாலை இரண்டு மணிக்குக் கோல் விழும், கத்தாமல் இருக்க ஏலாது, எனக்குத் தெரியும். எங்கள் மாடியில் நாங்கள் செய்தது இதுதான்: முதல் நாளே ஒரு சின்னப் பெட்டி கேக்கோடு மேலும் கீழும் போய், எந்தெந்த இரவு ஆட்டம் என்று சொல்லிவிட்டு வந்தோம். 2022இல் எதிர்வீட்டு ஐயா காலிறுதிக்கு அவராகவே கதிரையோடு வந்து சேர்ந்தார். இறுதி ஆட்டத்துக்கு அவருடைய மருமகளும் பிள்ளைகளும்.

கடைசி வாரத்துக்கு இப்போதே செய்ய வேண்டியது

அரையிறுதி இரண்டும் எங்களுக்கு ஜூலை 15 புதன், 16 வியாழன், இரண்டும் நள்ளிரவு தாண்டி 12.30க்கு. இறுதி ஆட்டம் நியூயோர்க்குக்குப் பக்கத்தில், நியூ ஜேர்சியில். அங்கே ஜூலை 19 பிற்பகல் 3 மணி, இங்கே 20ஆம் திகதி திங்கட்கிழமை பிறந்து அரை மணி நேரம். தொடக்க ஆட்டம் எந்த நேரத்துக்கோ, முடிவும் அதே நேரத்துக்கு. இடைவேளையில் இம்முறை இசை நிகழ்ச்சியும் இருக்கிறது, ஆகவே வழக்கத்தை விட நீளும். ஞாயிறு மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் படுங்கள், இரவும் எட்டரைக்குப் படுத்து 12.15க்கு எழும்புங்கள். திங்கட்கிழமை லீவை மற்றவர்கள் கேட்பதற்கு முன் இப்போதே கேளுங்கள். எங்கள் தங்கச்சி அன்று சாப்பாட்டு மேசையிலிருந்து எழும்பியதும் முதலில் செய்தது அதைத்தான்.